மொட்டை மாடிக்கு வந்த தடை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் அத்தானும் சுகம். நீயும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். வக்கீலான உன்னிடம் ஒரு சந்தேகம்: போட்டது யாரென்றே தெரியாத தடையை யார் நீக்குவது? உன்னிடம் மறைப்பானேன், போட்டவள் நான்தான்.

அலுவலகம் விட்டதும் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டி நிழலில், டீயும் கையுமாக உட்காருவேன். நாள் முழுக்க எல்லோருக்கும் பதில் சொன்ன வாய்க்கு அங்கேதான் ஓய்வு. அந்த நேரம் பார்த்து முதல் மாடித் தையல்காரம்மா துணி எடுக்க வந்து, கோபித்துக்கொண்டு போன மருமகளின் கதையை ஆரம்பிப்பார், டீ ஆறிவிடும். "தயவுசெய்து மாலையில் வரவேண்டாம்" என்று பெயர் போடாமல் எழுதி மாடிப்படியில் ஒட்டினேன், யாரும் படிக்கவில்லை. "வரக்கூடாது" என்று மாற்றி ஒட்டினேன், "யாருய்யா அது, கூடாதுங்கிறது?" என்று எதிர்வீட்டுப் பல் டாக்டர் படியிலேயே சண்டைக்கு நின்றார். கடைசியில், "மறு அறிவிப்பு வரும்வரை மொட்டை மாடிக்குச் செல்லத் தடை விதிக்கப்பட்டுள்ளது" என்று தட்டச்சு செய்து ஒட்டினேன். அவ்வளவுதான். யார் விதித்தது என்று ஒருவரும் கேட்கவில்லை, தம்பி. ஏன் என்றுதான் கேட்டார்கள்.

"சும்மாவா தடை போடுவாங்க? மேல என்னமோ இருக்கு" என்றார் தையல்காரம்மா. மாடிப்பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட அந்த என்னமோவைப் பார்க்க ஏறினார்கள். ஒன்றும் தென்படாததால் உட்கார்ந்து யோசித்தார்கள். நாற்காலி வந்தது, சீட்டுக்கட்டு வந்தது. என்னை மட்டும் காவலாளி மறித்தார்.

"படிச்சவங்க நீங்களே தடைய மீறலாமா மேடம்?"

"மேல அத்தனை பேர் இருக்காங்களே?"

"அவங்க காரணம் தெரிஞ்சுக்கப் போயிருக்காங்க மேடம்."

நேற்று தடையை நீக்கக் கோரி மனு எழுத என்னையே மேலே கூப்பிட்டார்கள். "மேடம் எழுதினா அந்த நோட்டீஸ் மாதிரியே கெத்தா இருக்கும்" என்றார் டாக்டர். பேச்சை மாற்ற, யாருக்கு அனுப்புவது என்று கேட்டேன். "தடை போட்டவங்களுக்குத்தான்!" என்றார்கள். இதற்குள் தையல்காரம்மா பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, மருமகள் போன் செய்ததுவரை வந்துவிட்டார். எனக்கு நானே எழுதும் மனுவை ஏற்றால் மாட்டிக்கொள்வேன். நிராகரித்தால் மாடி போச்சு. சீக்கிரம் வழி சொல்லு.

உன் மனைவியை அத்தான் விசாரித்தார். பிள்ளைகள் நன்றாகப் படித்து, உன்னைப் போலவே பிறர் வம்பில் பிழைக்கட்டும்.

உன் அக்கா

பி.கு.: வழி வேண்டாம். இன்று காலை நோட்டீஸை நானே கிழித்துவிட்டேன். மாலையில் மாடியில் ஒரு ஈ காக்காய் இல்லை. தடை இல்லாத இடத்தில் அவர்களுக்கு என்ன வேலை? டீ கடைசிவரை சூடாகவே இருந்தது, குடிக்கத்தான் பிடிக்கவில்லை. போனில் அந்த மருமகள் என்ன சொன்னாள் என்று தெரியாமல் எப்படி இருப்பது? நாளை அலுவலகம் போனதும் முதல் வேலையாக அதே நோட்டீஸைத் தட்டச்சு செய்யப் போகிறேன். "குறிப்பாக மாலை வேளைகளில்" என்று சேர்த்தால் இன்னும் நாலு பேர் வருவார்கள், இல்லையா?