பஸ்ஸில் மறந்த போர்ப் புத்தகங்கள்

கம்பியூட்டரில் யுத்தம் செய்கிறவர்கள் இரண்டு வகை. சுட்டுவிட்டு யோசிப்பவர்கள் ஒரு வகை. யோசித்துக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டுச் செத்துப்போகிறவர்கள் மற்ற வகை. நான் இரண்டாவது. ஆனால் சும்மா சாகமாட்டேன். எந்தப் புத்தகத்தை என் படையினர் படிக்காததால் இந்தத் தோல்வி வந்தது என்பதை விளக்கிவிட்டுத்தான் சாவேன்.

படையினர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். நான் நாவலப்பிட்டியில் கணக்கியல் டியூஷன் நடத்துகிறவன். இம்ரானுக்குக் கண்டியில் புடவைக்கடை. குகன் யாழ்ப்பாணத்தில் ஃபோன் திருத்துகிறவன். இன்னும் சில பையன்கள். வார இறுதிகளில் இணையத்தில் கூடி இரண்டாம் உலகப் போரை மறுபடி நடத்துவோம். இது கண்டபடி சுட்டுத்தள்ளும் விளையாட்டு இல்லை. ஓடினால் மூச்சு வாங்கும். தோட்டா முடிந்தால் லொறி வரும்வரை பள்ளத்தில் படுத்திருக்க வேண்டும். வரைபடத்தைப் பிழையாகப் படித்தால் சொந்தப் பீரங்கிக் குண்டு நம் தலையிலேயே விழும். (எனக்கு விழுந்திருக்கிறது. அடிக்கச் சொல்லி உத்தரவு கொடுத்ததும் நான்தான்.)

இந்தக் கூட்டத்துக்கு நான் கமாண்டர். யாரும் என்னைத் தெரிவுசெய்யவில்லை. ஒருநாள் நானாகவே என்னை அப்படி அழைத்துக்கொண்டேன், மற்றவர்கள் மறுப்புச் சொல்ல மறந்துவிட்டார்கள். பதவிக்கு ஒரு தகுதி வேண்டாமா? எனக்கு இருந்த தகுதி புத்தகங்கள். பழைய புத்தகக் கடைகளில் போர் பற்றி எது கிடைத்தாலும் வாங்கிவிடுவேன். நாவல், நினைவுக்குறிப்பு, தடித்தடியாக வரலாறு. வாங்கிய கையோடு உள்பக்கத்தில் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், "கமாண்டர் சிவா" என்று எழுதி, கீழே வீட்டு முகவரியையும் போட்டுவிடுவேன்.

சில வருடங்களுக்கு முன்பு, தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்த ஒரு காலத்தில், எனக்குப் பொறுமை போய்விட்டது. "வாசிக்காத படை வெல்லாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இம்ரான் கடை மாடிக்கு வாங்க. என்னென்ன படிக்கணும்னு நான் சொல்றேன்" என்று அறிவித்தேன். என் வாழ்க்கையின் முதல் சொற்பொழிவு. கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகைகூடப் பார்த்தேன். மனைவி வாசுகி சனிக்கிழமையே மகளைக் கூட்டிக்கொண்டு கண்டியிலுள்ள அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். (தற்செயல் என்றுதான் அன்றைக்கு நம்பினேன்.)

ஞாயிறு காலை, ஒரு கறுப்புப் பை நிறையப் புத்தகங்களை அடைத்து, பையன்களுக்குக் காட்டுவதற்காக ஹெட்போனையும் திணித்து, கண்டி பஸ்ஸில் ஏறினேன். பையின் ஸிப் முழுதாக மூடவில்லை. ஹெட்போன் வயர் வெளியே தொங்கியது. பையை மேல் தட்டில் வைத்துவிட்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தேன். கம்பளை தாண்டியதும் குகன் எனக்கு ஃபோன் எடுத்தான். கண்டிக்கு வர முடியாததால் ஃபோனிலேயே பாடம் கேட்க வேண்டுமாம். கற்றுக்கொள்ளும் ஆர்வத்தை மறுக்கலாமா? பஸ் இரைச்சலுக்கு மேலாகக் கேட்கும்படி நல்ல உரத்த குரலில் ஆரம்பித்தேன்.

"நீங்க பாலத்த விட்டுட்டு ஊருக்குள்ள பூந்தீங்க பாருங்க, அதுதான் தப்பு. மொதல்ல பாலத்த உடைக்கணும் குகன். பாலம் போச்சுன்னா அவனுங்களுக்குப் பெட்ரோலும் வராது, சாப்பாடும் வராது. கத முடிஞ்சிச்சு."

"வெடிமருந்து காணுமோ அண்ணை?"

"எங்க வைக்கணும்னு தெரிஞ்சா கொஞ்சமே போதும். எல்லாம் பையில கொண்டு வர்றேன்."

"ஓம், ஓம். நீங்கள் இப்ப எங்க நிக்கிறியள்?"

ஜன்னலால் பார்த்தேன். கீழே மகாவலி ஓடிக்கொண்டிருந்தது.

"பேராதனைப் பாலத்துக்கு மேலதான் போய்க்கிட்டிருக்கேன்."

முன் சீட்டிலிருந்த அம்மா மூன்றாவது தடவையாகத் திரும்பி என்னைப் பார்த்தார். என் குரலிலிருந்த தலைமைத்துவம் அவரைக் கவர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த தரிப்பிடத்தில் அவர் அவசரமாக இறங்கினார். பக்கத்திலிருந்தவரும் இறங்கினார். இடம் தாராளமாகக் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம்.

கண்டி குட்செட் பஸ் நிலையத்தில் இறங்கும்போதும் ஃபோன் காதில்தான். மணிக்கூட்டுக் கோபுரத்தைத் தாண்டும்போதும் காதில்தான். தெருவில் எல்லோரும் எனக்கு வழிவிடுவது போலவே இருந்தது. கடை மாடியில் இம்ரான் கதிரைகளை வரிசையாகப் போட்டு, ஒரு பெரிய தட்டில் ரோல்ஸும் அடுக்கி வைத்திருந்தான்.

"வாங்க கமாண்டர்! புள்ளைகள் எல்லாம் வந்து குந்தி ஈக்கிறாங்க. பொஸ்தகம் எங்க?"

என் கை தானாகத் தோளுக்குப் போனது. தோள் இருந்தது. பை இல்லை.

நானும் இம்ரானும் திரும்பி ஓடினோம். பஸ் நிலையத்துக்குள் நுழைந்தபோது என் பஸ் மட்டும் நடுவில் தனியாக நின்றது. மற்ற பஸ்களை அப்புறப்படுத்தியிருந்தார்கள். சனம் தூரத்தில் கூட்டமாக நின்றது. இடையில் கயிறு, பொலிஸ். கொண்டக்டர் இரண்டு கையையும் விரித்து என்னவோ விளக்கிக்கொண்டிருந்தார். விரித்த கையின் அளவு என் பையைவிடப் பெரிதாக இருந்தது. அவர் வாயிலிருந்து "வயர்" என்ற சொல் மட்டும் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

மற்ற நாடுகளில் மறந்துபோன பை என்றால் மறந்துபோன பைதான். எங்கள் நாட்டில் அது அப்படியில்லை. அந்தக் கூட்டத்தில் நின்ற யாரையும் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் முகத்தை வயிற்றோடு சேர்த்து அணைத்தபடி நின்றார். அதைப் பார்த்ததும் கமாண்டர் இரண்டு அடி பின்வாங்கினார்.

இம்ரான் என் கையைப் பிடித்தான். "மச்சான், பொஸ்தகம் வேற வாங்கலாம். வாங்க, சத்தம் போடாம போவோம்."

"எல்லாத்துலயும் பேர் எழுதியிருக்கு இம்ரான்."

"என்னா பேரு?"

"கமாண்டர் சிவா."

இம்ரான் என் கையை விட்டான். "அட்ரஸ்?"

"அட்ரஸும்."

"அப்ப நீங்க போங்க மச்சான். நான் புள்ளைகளுக்கு டீ ஊத்திட்டு வாறன்."

கயிற்றைத் தூக்கிக்கொண்டு, கையையும் தூக்கிக்கொண்டு, உள்ளே போனேன். இன்ஸ்பெக்டர் உயரமானவர், நரைத்த மீசை. என் பை என்று சொன்னேன். அவர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். பிறகு நானே பஸ்ஸில் ஏறி, எல்லோரும் பார்க்க, பையைத் திறந்து காட்டவேண்டும் என்றார். திறந்தேன். முதலில் ஹெட்போன் வந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது. அடுத்து வந்த புத்தகத்தின் அட்டையில் ஒரு பாலம் இரண்டாகப் பிளந்து ஆற்றில் விழுந்துகொண்டிருந்தது. விட்ட மூச்சைக் கூட்டம் திரும்ப இழுத்துக்கொண்டது.

பஸ் நிலையத்தின் பொலிஸ் அறைக்குக் கூட்டிப் போனார்கள். கொண்டக்டரும் டிரைவரும் சாட்சிகளாகப் பின்னால் வந்தார்கள். புத்தகங்களை மேசையில் அடுக்கி, ஒன்றைத் திறந்த இன்ஸ்பெக்டர் அப்படியே நின்றுவிட்டார். இன்னொன்றைத் திறந்தார். அதிலும் அதே எழுத்து.

"கமாண்டர்?" என்றார் சிங்களத்தில். "எந்தப் படைக்கு?"

என் சிங்களம் மரக்கறி வாங்கவும் பஸ்ஸில் மிச்சக் காசு கேட்கவும் தாராளமாகப் போதும். யுத்த விளையாட்டை விளக்கப் போதாது. நான் சொன்னதைத் தமிழில் போட்டால் இப்படி வரும்: "சேர், நான் வீட்டில் இருந்துதான் யுத்தம் செய்கிறேன்."

"தனியாகவா?"

"இல்லை சேர். ஆட்கள் இருக்கிறார்கள்."

"எங்கே?"

"ஒருவர் யாழ்ப்பாணத்தில். மற்றவர்கள் இங்கே ஒரு புடவைக்கடை மாடியில் எனக்காகக் காத்திருக்கிறார்கள்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கையில் எடுத்தார். சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. உண்மை இவ்வளவு ஆபத்தான சாமான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு, மனைவிக்கு ஒரு ஃபோன் எடுக்கலாமா என்று கேட்டேன்.

வாசுகி வந்தாள். கண்டியில் வளர்ந்தவள், சிங்களம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. என்னையும் மேசையையும் ஒருதரம் பார்த்தாள்.

"நேத்தே நெனச்சேன்," என்றாள் என்னிடம். பிறகு இன்ஸ்பெக்டரிடம் திரும்பி, மளமளவென்று எல்லாவற்றையும் சொன்னாள். கம்பியூட்டர், விளையாட்டு, சொற்பொழிவு, கமாண்டர் என்ற பதவி வந்த விதம். கடைசியில் அவள் என்னவோ சொன்னதும் கொண்டக்டர் வாய்விட்டுச் சிரித்தார்.

"என்ன சொன்ன?" என்றேன்.

"குளிக்கிற ரூம்ல கரப்பான் பூச்சி வந்தா என்னத்தான் கூப்பிடுவீங்கன்னு சொன்னேன். பேசாம இருங்க."

இன்ஸ்பெக்டரின் மீசை லேசாக அசைந்தது. ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே. ஒவ்வொரு புத்தகமும் எதைப் பற்றியது, எதற்காக அது என்னிடம் இருக்கிறது என்று வாக்குமூலத்தில் எழுத வேண்டுமாம். நான் தமிழில் சொல்ல வாசுகி மொழிபெயர்ப்பாள்.

சொல்லச் சொன்னால் போதாதா? ஒத்திகை பார்த்த உரை தொண்டையிலேயே காத்திருந்தது. எழுந்து நின்றுகொண்டேன்.

"டாங்கி விளையாடுறவன் மொதல்ல படிக்க வேண்டியது இது. எழுதுனது ஜெனரல் இல்ல, சாதாரண சார்ஜன்ட். சண்டை கொஞ்சம்தான். சேத்துல படுத்துக்கிட்டு அறுந்துபோன சங்கிலிய மாட்டுறதுதான் அதிகம். இதப் படிச்சவன் கனவுலகூட டாங்கிய சதுப்பு நெலத்துல எறக்க மாட்டான்."

வாசுகி மொழிபெயர்த்தாள்: "டாங்கி ரிப்பேர், சேர்."

"இது படைகளுக்குச் சாமான் அனுப்புன வரலாறு. ரொட்டி, சப்பாத்து, பெட்ரோல். எல்லாரும் தாண்டிப் போற புத்தகம் இதுதான். ஆனா தோக்குறவன் எப்பவும் இங்கதான் தோக்குறான்."

"சாப்பாட்டுச் சாமான் பற்றியது, சேர். இவரைக் கடைக்கு அனுப்பினால் அரிசியை மறந்துவிட்டு வருவார்."

"இது நாவல். நீர்மூழ்கிக் கப்பல். பாதிப் புத்தகத்துல ஒண்ணுமே நடக்காது. மேல எதிரிக் கப்பல் நிக்குது. கீழ எல்லாரும் மூச்சப் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. ஒரு சின்னச் சத்தம் கேட்டாலும் எல்லாரும் காலி. அந்த நேரம் பார்த்து சமையல்காரனுக்குத் தும்மல் வருது."

வாசுகி இதை மட்டும் முழுதாக மொழிபெயர்த்தாள். எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"தும்மினானா?" என்று இன்ஸ்பெக்டர் நேராக என்னைக் கேட்டார்.

"அத நான் சொல்லக்கூடாது சேர். படிக்கணும்."

பொலிஸ் அறையில் இருந்துகொண்டு பொலிஸ் கேள்விக்குப் பதில் சொல்ல மறுத்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். அவர் புத்தகத்தை எடுத்து மேசையின் தன் பக்கமாக வைத்துக்கொண்டார். மேலதிக விசாரணைக்குத் தேவைப்படும் என்றார்.

கடைசியாகப் பாலப் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். வாசுகி கையைக் கட்டிக்கொண்டாள். "இதுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

"இது எழுதுனவர் ஒரு எஞ்சினியர்," என்றேன். "வாழ்க்கை முழுக்கப் பாலம் கட்டுனவர். பின்வாங்கும்போது தான் கட்டுனதையே உடைக்கச் சொல்லி உத்தரவு வருது. உடைக்கிறது ஒரே ஒரு அத்தியாயம்தான். அக்கரையில நின்னுபோன சனங்களப் பத்தித்தான் மிச்சம் பூரா எழுதுறார்."

வாசுகி மெதுவாகச் சொல்லி முடித்தாள். மூலையில் நின்ற வயதான கொன்ஸ்டபிள் மேசைக்கு வந்து, அட்டைப் படத்தை உற்றுப் பார்த்தார். தானும் அப்படி ஒரு பாலத்தடியில் நின்றிருப்பதாக, கரையில் மூட்டை முடிச்சோடு நின்றவர்களைப் பார்த்திருப்பதாகச் சொன்னார். எந்த ஊர், எந்த வருடம் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. புத்தகத்தை அவர் என் கையிலேயே திருப்பித் தந்தார்.

"போங்க," என்றார் இன்ஸ்பெக்டர் தமிழில். பிறகு சிங்களத்தில், இனிமேல் பஸ்ஸில் கிரிக்கெட் பற்றி மட்டும் பேசும்படி அறிவுரை சொன்னார்.

கொண்டக்டரிடம் மன்னிப்புக் கேட்டேன். மனிதர் பெரிதுபடுத்தவில்லை. டாங்கிப் புத்தகம் சிங்களத்தில் கிடைக்குமா என்று விசாரித்தார், அவருடைய தம்பி வாகனம் திருத்தும் ஒரு கராஜில் வேலை செய்கிறானாம். இம்ரான் கடைக்குப் போனபோது கதிரைகள் காலி, ரோல்ஸ் தட்டும் காலி. பையன்கள் மாலைக் காட்சிப் படத்துக்குப் போய்விட்டார்களாம். இம்ரான் மட்டும் இருந்தான். உரை எப்படிப் போனது என்று கேட்டான்.

"அருமையா போச்சு," என்றேன். மிகைப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு எத்தனையோ இடங்களில் புத்தகங்களைப் பற்றிப் பேசியிருக்கிறேன். கைபேசியைப் பார்க்காமல், கொட்டாவி விடாமல், நான் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் எழுதிக்கொண்ட சபை அது ஒன்றுதான்.

நான் இன்னமும் கமாண்டர்தான். இன்னமும் தோற்றுக்கொண்டும் சிபாரிசு செய்துகொண்டும்தான் இருக்கிறேன். ஆனால் வீட்டில் மட்டும் ஒரு வசதி போய்விட்டது. சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து, "ஒரு நல்ல புத்தகம் கெடச்சிருக்கு" என்று ஆரம்பித்தால் போதும். மகள் நிமிர்ந்து, ரொம்ப மரியாதையாகக் கேட்பாள்:

"அப்பா, இது சிபாரிசா, வாக்குமூலமா? வாக்குமூலம்னா அம்மாவக் கூப்பிடுறேன்."