தொண்ணூற்றொன்பதரை ஆசாமி

தொண்ணூற்றொன்பதரை ஆசாமியைத் தெரியுமா உங்களுக்கு? தெரியாமல் என்ன! ஒன்றில் எதெல்லாம் நல்லது என்று மூச்சுவிடாமல் அளந்துவிட்டு, மிச்சம் என்ன என்று கேட்டவுடன் செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ளும் இனம் அது. எல்லா ஊரிலும் மேயும். ஆனால் அசல் சரக்கைப் பார்க்க ஆசைப்பட்டால் கும்மிடிப்பூண்டிக்கு வாருங்கள்.

அங்கே ஒரு ரசாயன ஆலையில் மேனேஜர் வீரராகவன். அமெரிக்காக்காரர்கள் பூமிக்கு அடியில் பாறையைப் பிளந்து எரிவாயு எடுக்கிறார்களே, அதற்காகக் குழாயில் அழுத்தி அனுப்பும் தண்ணீரில் கலக்கிற மருந்துகள்தான் அந்த ஆலையின் சரக்கு: தண்ணீர் வழுக்கிக்கொண்டு ஓட ஒன்று, கிருமி சாக ஒன்று, குழாய் துருப்பிடிக்காமல் இருக்க ஒன்று. யார் வந்தாலும் வீரராகவன் காபி சொல்லி, மின்விசிறியைக் கூட்டி வைத்து, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "அந்தத் தண்ணியில நூத்துக்குத் தொண்ணூத்தொம்பதரை பங்கு வெறும் தண்ணியும் மணலும்தான் சார்" என்பார். அந்த முகத்தைப் பார்த்தால் தண்ணீரையே இவர்தான் கண்டுபிடித்தாரோ என்று தோன்றும். மிச்சமுள்ள அரைப் பங்குக்குத்தானே ஐயா இவ்வளவு பெரிய ஆலை? அதைக் கேட்கக் கூடாது.

ஆரோக்கியமேரி கேட்டாள். ஆலைச் சுவருக்குப் பின்னால் இருக்கிற தெருக்காரி. மழையில் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி நிரம்பித் தெருப்பக்கம் வழிந்ததிலிருந்து அவள் வீட்டு போர் தண்ணீரில் நுரை, சோற்றில் மருந்து வாடை. குடத்தோடு ஆலை வாசலுக்கு வந்துவிட்டாள்.

"இன்னா சார் கலக்குறீங்கோ? புள்ளைங்க ஒடம்பெல்லாம் சிரங்கு!"

"சுத்தம் பண்ணித்தாம்மா வெளிய விடுறோம். தொண்ணூத்தொம்பதரை பங்கு வெறும் தண்ணி."

"மீதி?"

"அது கம்பெனி ரகசியம்மா."

"எங்க சோத்துல கீது, எங்களுக்கே ரகசியமா? தெனம் ஒரு லாரி நல்ல தண்ணியாவது ஊத்துங்க!"

செல்போன் காதுக்குப் போய்விட்டது. மணி அடிக்கவில்லை. அதனால் என்ன, மனிதர் பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

வீரராகவன் குடியிருப்பது கவரைப்பேட்டையில். வீட்டுக்குத் தண்ணீர் கொண்டு வருகிற லாரிக்காரன் ஸ்டீபன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் தொட்டிக்குள் குழாயை விடப் போகும்போது மேனேஜருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். ஆலையில் கழிவு ஏற்றுகிற லாரிகளைத் தினமும் பார்க்கிறவர் ஆயிற்றே, இதுவும் அதில் ஒன்றோ?

"ஏம்ப்பா, இதுல என்ன தண்ணி?"

ஸ்டீபன் தலையைச் சொறிந்தான். "தொண்ணூத்தொம்பதரை நல்ல தண்ணி சார்."

"மிச்சம்?"

"அது கம்பெனி ரகசியம் சார்."

அடேயப்பா! அவர் குதித்த குதியைப் பார்த்திருக்க வேண்டும்! "எடுடா குழாயை! என் பேத்தி குடிக்கிற தண்ணிடா! அரைப் பங்குன்னா சும்மாவா? ஒரு சொட்டு போதாது?" ஒரு சொட்டு என்ன செய்யும் என்கிற ஞானம் இத்தனை நாளும் எங்கே ஒளிந்துகொண்டிருந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"அப்ப இத்த இன்னா சார் பண்றது?"

குதித்துக்கொண்டே யோசித்தார். "அந்தப் பொம்பளை தண்ணி தண்ணின்னு உயிரை வாங்குறாளே, அவங்க தெருவுல ஊத்திடு. கம்பெனி தர்மம்னு சொல்லு."

கவனித்தீர்களா? பேத்தியின் வாய்க்கு ஆகாதது சுவருக்கு அந்தப் பக்கம் போனால் தர்மம். தூ!

ஸ்டீபன் உடனே வண்டியைத் திருப்பினான். ஆரோக்கியமேரி அவனுக்குச் சின்னம்மா. அவன் வீடும் அதே தெருதான். லாரியில் இருந்தது காலையில் வயல் கிணற்றில் பிடித்த தண்ணீர். அந்த வண்டி வேறெதையும் சுமந்ததே இல்லை.

"சின்னம்மா, கொடத்த எடுத்துகினு வா! மேனேஜர் ஊட்டுத் தண்ணி!"

அவள் கையில் ஏந்தி மோந்து பார்த்தாள். வாடை இல்லை. "மீதி இன்னாடா?"

"மீதி அவராண்டயே கீது."

தெருவே குடத்தோடு வந்து சிரித்தது. அந்த ஒரு நாள் சோறு சோறாக மணந்தது. மறுநாள் மறுபடி நுரை.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நல்லது. போன மாதம் ஒரு குடும்பத்துக்கு வீட்டை வாடகைக்கு விட்டீர்களே, காற்றோட்டம், பக்கத்திலேயே பள்ளிக்கூடம், நல்ல அக்கம்பக்கம் என்று மூச்சுவிடாமல் சொன்னீர்களே, குழாயில் வருகிற தண்ணீரைப் பற்றியும் சொன்னீர்களா?

என்ன அது, செல்போனை எடுக்கிறீர்கள்? மணி அடிக்கவே இல்லையே!