கையால் செய்த ஹைப்ரிட்

பயந்த சுபாவம் உள்ளவர்களால் யாருக்கும் ஆபத்து இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. துணிச்சல்காரர்கள் ஒரு முட்டாள்தனத்தைச் சட்டென்று செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். என்னைப் போன்றவர்கள் மூன்று வாரம் யோசித்து, நோட்டில் எழுதி, ஒவ்வொரு வரியையும் இரண்டு தடவை சரிபார்த்து, அதன் பிறகு அதே முட்டாள்தனத்தைச் செய்வோம்.

அப்போது எண்ணூரில் குடியிருந்தோம். மகன் பிறந்து நான்கு மாதம். வாசலில் என் அப்பா கொடுத்த பழைய அம்பாசிடர் நிற்கும். பெட்ரோல் விலை ஏறும்போதெல்லாம் என் கணவர் சேவியர் அந்தக் காரைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். பிறகு என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விடுவார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கப்பலில் வேலை பார்த்த என் தம்பி ஆன்டோ விடுமுறையில் வந்தான். ஜப்பானில் பார்த்த கார்களைப் பற்றியே பேச்சு.

"ஹைப்ரிட்டுன்னு பேரு, அக்கா. பாதி பெட்ரோல், பாதி பேட்டரி. சிக்னல்ல நின்னா இன்ஜின் தானா அணைஞ்சிடும். நம்ம வண்டி நின்னுகினே குடிக்குது. இத வித்துடு."

"அப்பா வண்டிடா."

"அப்பாவே வித்திருப்பாரு. வாங்க ஆள் கெடைக்கல, உனக்குக் குடுத்துட்டாரு."

சேவியர் அதற்குச் சிரித்த சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம். அன்றே நோட்டை எடுத்தேன். (இயற்பியல் பட்டதாரி. இரண்டாம் வகுப்பு.) ஹைப்ரிட் காரில் அப்படி என்ன இருக்கிறது? எடை குறைவாகத்தான் இருக்கும். நின்றால் இன்ஜின் அணைகிறது. எடையை நான் குறைக்க முடியாதா? சாவியைத் திருப்ப எனக்குக் கை இல்லையா?

தண்டையார்பேட்டை மெக்கானிக்கிடம் பின்சீட்டைக் கழற்றச் சொன்னேன். அவர் என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். "சீட்ட எடுத்துட்டு எதும்மேல குந்துவ?" மெத்தை போடுவேன் என்றேன். "போடு. கதவு வேணுமா, அதையும் கழட்டிடவா?" என்றார். அவர் கேலி செய்தது எனக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் புரிந்தது. அதுவரை கதவைப் பற்றி நிஜமாகவே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஸ்டெப்னி, ஜாக்கி, கனமான டூல் பெட்டி, அதோடு கிடந்த நீண்ட இரும்புக் கம்பி எல்லாவற்றையும் எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அந்தக் காலிடத்தில் பிள்ளைக்கு இரண்டு பிளாஸ்க், எட்டுத் துண்டு, மாற்று உடை நான்கு, ஒரு பிளாஸ்டிக் தொட்டி ஆகியவற்றை வைத்தேன். எடைக் கணக்கில் இவற்றைச் சேர்க்கவில்லை. பிள்ளை சாமான் எப்படி எடையாகும்?

அந்த ஞாயிற்றுக்கிழமை மகனுக்கு ஞானஸ்நானம். சேவியரின் குடும்பக் கோயில் இராயபுரத்தில். பதினொன்றரை மணிக்கு மூன்று குழந்தைகளுக்குச் சேர்த்து ஒரே சடங்கு. தவறவிட்டால் தவக்காலம் முடிந்து ஈஸ்டருக்குப் பிறகுதான் என்று ஃபாதர் சொல்லியிருந்தார். ஞானத்தந்தையாக நிற்க வேண்டிய ஆன்டோவோ செவ்வாய்க்கிழமை கப்பலேறுகிறான். திரும்பி வர ஒன்பது மாதம். ஆக, பதினொன்றரை என்றால் பதினொன்றரைதான்.

சேவியரும் ஆன்டோவும் பிரியாணி வேலையாகக் காலையிலேயே பைக்கில் போய்விட்டார்கள். நான், பிள்ளை, பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார் ஸ்டெல்லா அண்ணி, மூவரும் காரில். அண்ணிதான் ஞானத்தாய். வெள்ளைப் பட்டுச் சேலையில் பிள்ளையோடு பின்னால் ஏறியவர் காணாமல் போனார். கண்ணாடியில் தேடினேன். கொண்டை மட்டும் தெரிந்தது.

"இன்னா ஜெசி, சீட்டு எங்க?"

"எடை குறைக்க எடுத்துட்டேன் அண்ணி."

"என்னியும் எறக்கி வுட்டுட்டா இன்னும் கொறையுமே."

நெடுஞ்சாலைக்கு வந்ததும் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. நான் உள்ளுக்குள் மகிழ்ந்தேன். நின்று நின்று போகும் சாலைதான் ஹைப்ரிட்டுக்கு ஏற்றது என்று ஆன்டோ சொல்லியிருந்தான். லாரி நின்றது; சாவியைத் திருப்பி அணைத்தேன். லாரி நகர்ந்தது, ஸ்டார்ட் செய்தேன். இருபதடி. மறுபடி அணைத்தேன். பக்கத்தில் பென்சிலும் நோட்டும். ஒவ்வொரு அணைப்புக்கும் ஒரு கோடு.

"ஒவ்வொரு தபாவும் அணைச்சி அணைச்சிப் பத்த வெக்கறியே, இது இன்னா ஸ்டவ்வா?"

"பெட்ரோல் மிச்சம் அண்ணி."

"மணி பத்தே முக்கா. அது மிச்சமாவுதா?"

திருவொற்றியூரில் முப்பத்தோராவது கோட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கார் இருமியது. இன்னொரு முறை திருப்பினேன். 'டிக்' என்றது. பிறகு அதுவும் சொல்லவில்லை. ஓடும்போதுதான் பேட்டரி ஏறும், ஸ்டார்ட் செய்யும்போது இறங்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

பின்னாலிருந்த டிரெய்லர் ஓட்டுநர் ஹாரனில் கையை வைத்தவர் எடுக்கவில்லை. பிள்ளை வீறிட்டான். கடைசியில் அவரே இறங்கி வந்தார்.

"இன்னாம்மா ஆச்சு?"

"பேட்டரி இறங்கிடுச்சு."

"அவ்ளோதானா? பழைய அம்பாசிடரு தானே. ஹேண்டில் ராடு குடு. முன்னாடி வுட்டு ஒரு சுத்து சுத்துனா எடுத்துக்கும்."

கட்டிலுக்கு அடியில் கிடந்த அந்த நீண்ட இரும்புக் கம்பி என் கண்முன் வந்தது. அது எதற்கு என்று நான் யாரையும் கேட்டிருக்கவில்லை.

"வீட்ல இருக்கு."

"வூட்ல அத வெச்சி இன்னா பண்றீங்க?"

"எடை குறைக்க எடுத்து வச்சேன்."

அவர் குனிந்து உள்ளே பார்த்தார். சீட் இல்லை. மெத்தையில் பட்டுச் சேலையோடு அண்ணி. சுற்றிலும் பிளாஸ்க், துண்டு, தொட்டி.

"வூடு காலி பண்றீங்களா?"

"கோயிலுக்குப் போறோம் நைனா," என்றார் அண்ணி.

தள்ளி ஸ்டார்ட் செய்ய முன்னால் இடமில்லை. நான்கு பேர் சேர்ந்து காரை ஓரத்துக்குத் தள்ளினார்கள். மணி பதினொன்று ஐந்து. ஆட்டோ புகவும் வழியில்லை. எனக்கு அழுகை வந்தது. ஒன்பது மாதம் கழித்துப் பல் முளைத்து, தானே நடந்து வந்து ஞானஸ்நானம் பெறும் பிள்ளையை மனத்தில் பார்த்துவிட்டேன்.

அப்போது லாரிகளுக்கு நடுவே புகுந்து வந்தது ஒரு மீன்பாடி வண்டி. மீன் ஏற்றும் மூன்று சக்கர மிதிவண்டி. யாரோ பழைய ஸ்கூட்டர் இன்ஜினைப் பொருத்தியிருந்தார்கள். சரக்கை இறக்கிவிட்டுக் காசிமேட்டுக்குக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தது. டிரெய்லர் ஓட்டுநர் கைகாட்டி நிறுத்தினார்.

"தோஸ்து, கொழந்தைக்கு ஞானஸ்நானம். இராயபுரத்துல வுட்டுடு."

"குந்துங்கம்மா. ஐஸ் தண்ணி கொஞ்சம் கீது, பாத்து."

"என் கார்?" என்றேன்.

"நான் பாத்துக்கறேன். நான் மட்டும் எங்க போவப் போறேன்," என்றார் டிரெய்லர்காரர், வரிசையைக் காட்டி.

அண்ணி பலகையில் துண்டுகளை விரித்து (எட்டும் தேவைப்பட்டன) பிள்ளையோடு உட்கார்ந்தார். நெரிசலில் வண்டிக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு மிதித்தார். வழி கிடைத்ததும் இன்ஜினைப் போட்டார். எனக்கு என்னவோ போலிருந்தது.

"ஏங்க, ஏன் அணைக்கிறீங்க?"

"நிக்கறதுக்கு எதுக்கும்மா பெட்ரோலு? காலு கீதுல்ல."

நான் நோட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

கோயில் வாசலை அடைந்தபோது பதினொன்று நாற்பது. உள்ளே சடங்கு நடக்கிறது என்று வண்டிக்காரர் இன்ஜினை அணைத்து, சத்தமில்லாமல் மிதித்தே கொண்டுவந்து நிறுத்தினார். வாசலில் ஆன்டோ நின்றிருந்தான். கையில் கொளுத்தாத மெழுகுவர்த்தி. இன்ஜினைப் பார்த்தான், பெடலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.

"ஹைப்ரிட் வாங்கிட்டியா, அக்கா?"

இரண்டாவது குழந்தைக்கு அப்போதுதான் சடங்கு முடிந்திருந்தது. மூன்றாவதாக எங்கள் மகன். ஃபாதர் மூக்கை ஒருமுறை சுருக்கினார். பிறகு தண்ணீரை மற்றக் குழந்தைகளுக்கு ஊற்றியதைவிடத் தாராளமாக ஊற்றினார். ஆல்பத்தில் அந்தப் படம் இருக்கிறது. அண்ணியின் பட்டுச் சேலையில் பளபளப்பது ஜரிகை அல்ல, சங்கரா மீன் செதில்.

மாலையில் ஆன்டோ கம்பியை எடுத்துக்கொண்டு போய் ஒரே சுற்றில் காரைக் கிளப்பினான். டிரெய்லர் அப்போதும் அங்கேயேதான் நின்றிருந்ததாம். காரை அந்த வருடமே விற்றோம். விற்கலாம் என்று சொன்னது நான்தான்.

சென்ற ஆண்டு புதுக் கார் வாங்கினோம், நிஜமான ஹைப்ரிட். முதல் சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்தது. பின்சீட்டிலிருந்து மகன், "அம்மா, ஒரு கோடு போட்டுக்கோ," என்றான். சேவியர் சிரித்தார். பரவாயில்லை, சிரிக்கட்டும். பழைய காரோடு கொடுக்காமல் வைத்துக்கொண்ட அந்த இரும்புக் கம்பியைத் துணியில் சுற்றி டிக்கியில் வைத்திருக்கிறேன். இந்தக் காரில் அதைச் செருகத் துளை எதுவும் கிடையாது. எனக்கும் தெரியும். ஆனாலும் அது வண்டியிலேயே இருக்கட்டும்.