நைல் நதிக்கு ஒரே ஒரு கேள்வி

நைல் நதியைத் தூக்கினால்தான் தென் அமெரிக்கா உள்ளே வரும். வரலாற்று வாத்தியார் கையில் அழிரப்பரோடு சாப்பாட்டு மேஜையில் தவித்துக்கொண்டிருந்தார்.

போன வருடம் பள்ளி வினாடி வினாவில் இருபது கேள்விக்குப் பதினாறு ராஜாவும் சண்டையும்தான். "உலகத்துல வேற எங்கயும் எதுவுமே நடக்கலையா சார்?" என்று பெற்றோர்கள் பிடித்துக்கொண்டார்கள். இந்த வருடம் போட்டியில் அவர் மகளே இருக்கிறாள். யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாதென்று நாலு காலம், ஐந்து கண்டம், இருபது கட்டம் போட்டார்.

பண்டைக் காலத்தைக் குறைத்தால் ஆப்பிரிக்கா இளைத்தது. ஆப்பிரிக்காவைத் தேற்றினால் நவீன காலம் வீங்கியது.

"சின்ன உறையில பெரிய தலகாணிய திணிக்கிறீங்க. இங்க அமுக்குனா அங்க பிதுங்குது," என்றாள் மனைவி.

"நடுநிலைன்னா சும்மாவா?"

"லீவு முழுக்க நம்ம பொண்ணு நைல் நைல்னு படிச்சாளே, அதையாவது விட்டுவைங்க."

ஆறு நைல் கேள்விகளில் ஐந்தை அழித்தார். ஒவ்வொரு கேள்விக்கும் அ, ஆ, இ, ஈ என்று நாலு விடைகள். கட்டம் மாற்றும்போது குழம்பாமலிருக்க, சரியான விடையை எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் எழுதிவைத்துக் கடைசியில் கலைத்துவிடுவது அவர் வழக்கம். ஆனால் கண்டங்களைக் கட்டி மேய்ப்பதற்குள் போட்டி நாளே வந்துவிட்டது.

மகள் போட்டியிடுவதால் அவரை வெளியே வராந்தாவில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். கேள்விகளை வாசித்தவர் விளையாட்டு வாத்தியார். முதலில் எழுத்தைச் சொல்பவருக்கு மதிப்பெண்.

கைதட்டல் ஓய்ந்ததும் மகள் சிவந்த கண்ணோடு வந்தாள்.

"ஒரே ஒரு நைல்தானாப்பா?"

"எல்லாருக்கும் பொதுவா இருக்கட்டும்னுதாம்மா..."

"அதுவும் எனக்குத் தெரியும்ப்பா. யோசிச்சு வாயத் திறக்கறதுக்குள்ள அந்தக் கடைசி பெஞ்சுக்காரி சொல்லிட்டா."

ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது. அது தெரிந்தும், பெற்ற பெண்ணின் நதியை வற்றவைத்துவிட்டோமே என்று நொந்துபோனார். பழிச்சொல் வந்தால் வந்துவிட்டுப் போகிறதென்று அந்த ஐந்தையும் விட்டிருக்கலாம்.

பின்னாலேயே கோப்பையோடு வந்தாள், கடைசி பெஞ்சில் தூங்கி விழுந்து 'கொட்டாவி' என்று பேர் வாங்கியவள். அவர் மனதைத் தேற்றிக்கொண்டு, "இருபது கட்டத்தையும் கரைச்சுக் குடிச்சிருக்கியேம்மா! எப்பப் படிச்சே?" என்றார்.

"படிக்கவே இல்ல சார். தூக்கமா வந்துச்சு. நான் 'ஆ'ன்னு வாயத் திறக்கறப்பல்லாம், சரியான விடைன்னு மார்க் போட்டுட்டாங்க!"