இறைத்த அளவுக்குத்தான் பில்

"மோட்டார் ஓடுது சார். தண்ணிதான் ஓட மாட்டேங்கு" என்றான் ரெக்சன், மழைநீர் இறைக்கும் ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர்.

பேரூராட்சி ஓவர்சியர் லிங்கராஜ் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்தார். மோட்டார் ஓடத்தான் செய்தது. அதன் குழாய் மட்டும் மதில்மேல் காய்ந்துகொண்டிருந்தது.

"ஏலே, குழாயத் தண்ணிக்குள்ள போடாம எதுக்குலே ஓட்டுதீய?"

"மோட்டார் ஓடுத நேரத்துக்குத்தானே சார் பில்லு? ஒப்பந்தத்துல தண்ணியப் பத்தி ஒண்ணுமே எழுதலியே."

எழுதியவர் லிங்கராஜ்தான். அதனால் பாதிக் கோபத்தை விழுங்கிவிட்டார். மீதியை விழுங்க முடியவில்லை. அவர் வீடும் இதே தெருதான். மகள் முத்துச்செல்வியைப் பெண் பார்க்க வெள்ளிக்கிழமை சாத்தான்குளத்திலிருந்து வருகிறார்கள். எத்தனையோ வரன் தட்டிப்போன பிறகு தானாகத் தேடி வந்த நல்ல இடம்.

அன்றே ஷரத்தைத் திருத்தினார். குழாயில் மீட்டர் வைக்க வேண்டும். இறைத்த அளவுக்குத்தான் பில். சாயங்காலம் தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. லிங்கராஜுக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலையில் பழையபடி முழங்கால்.

"மழை விட்டு மானம் வெளுத்துக் கெடக்கு, தண்ணி எங்கேருந்துங்க வருது?" என்றாள் மனைவி சந்தனமாரி.

"ஏளா, ஊத்து கிளம்பியிருக்கு. இதெல்லாம் உனக்குப் புரியாது."

தினமும் இவ்வளவு இறைத்தே ஆகவேண்டும், குறைந்தால் அபராதம் என்று நோட்டீஸ் அனுப்பினார். ரெக்சன் பெரிய மோட்டார் ஒன்று கொண்டுவந்தான். தண்ணீர் தொடைக்கு வந்தது. லிங்கராஜ் விடுவாரா? அளவை இரட்டிப்பாக்கினார். தண்ணீர் வாசற்படி ஏறி, கேட்காமலே வீட்டுக்குள் வந்தது.

"சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையால்லா இருக்கு! இன்னொரு ஆர்டர் போட்டீயன்னா நான் மாப்பிள்ளையூரணிக்கு எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள் சந்தனமாரி.

வெள்ளிக்கிழமை கார் தெருமுனையோடு நின்றது. மாப்பிள்ளையின் அப்பா இறங்கவே இல்லை.

"வீடு கடலுக்குப் பக்கம்னுதான் சொன்னாவ. கடலுக்குள்ளன்னு சொல்லலியே" என்றார். கார் திரும்பிப் போய்விட்டது.

லிங்கராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மோட்டாரை நோக்கிப் பாய்ந்தார். ரெக்சன் எப்போதோ நழுவியிருந்தான். டீசல் ஊற்றும் இனிகோ மட்டும்தான் அகப்பட்டார்.

"ஒழுங்கா வேல பாக்காம எம் பிள்ள வாழ்க்கையவே கெடுத்துட்டீயளே! நான் சொன்ன அளவு எறச்சீயளா, இல்லியா?"

இனிகோவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்ன சார் இப்பிடிச் சொல்லிட்டீய? தெருத்தண்ணி மொத நாளு ராத்திரியே தீந்துட்டு. மீட்டரும் ஓடணும், நீங்க கேட்ட அளவும் கொறஞ்சிரக் கூடாதேன்னுதானே கடல் மதகத் தொறந்து வச்சு எறைக்கோம்!"