நான் கழித்த நாற்பத்திரண்டு

நாட்குறிப்பு எழுதுகிறவர்களிடம் ஒரு குறை உண்டு. பேனாவால் எழுதிய எதுவும் தவறாக இருக்க முடியாது என்று நம்பிவிடுவோம். நான் முப்பது வருடமாக எழுதுகிறேன். எனக்கு இந்தக் குறை முற்றிய நிலையில் இருந்தது.

என் ஐம்பத்திரண்டாவது பிறந்தநாளுக்கு மகள் பெங்களூரிலிருந்து ஒரு பிரஷர் மெஷின் அனுப்பினாள். வேறு யாராக இருந்தாலும் உடனே தங்கள் கையில் சுற்றிப் பார்த்திருப்பார்கள். நான் அப்படிப்பட்டவன் அல்ல. (எடை பார்க்கும் மெஷினில் ஏறுவதற்கு முன் ஐந்து கிலோ அரிசிப் பையை ஏற்றிச் சரிபார்ப்பவன்.) இந்த மெஷின் சரியா என்று தெரிய, பிரஷர் சரியாக இருக்கும் ஒருவர் வேண்டும். அபிராமபுரத்தில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் அப்படி ஒருவர் தயாராகவே இருந்தார்: என் மனைவி பத்மா. அவள் காய்ச்சல் என்று படுத்ததில்லை. ஆகவே ஆரோக்கியம்.

மெஷின் 162/98 என்றது. மறுபடி அளந்தேன். அதே 162/98.

"என்னங்க, ஜாஸ்தியா இருக்கே?"

"உனக்கு இல்ல. மெஷினுக்கு."

கூட வந்த புத்தகத்தில் 120/80 என்று போட்டிருந்தது. ஆக, மெஷின் மேல் எண்ணில் நாற்பத்திரண்டும் கீழ் எண்ணில் பதினெட்டும் கூடுதலாகக் காட்டுகிறது. நாட்குறிப்பில் ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டு, 'திருத்திய அளவு' என்று தலைப்பிட்டேன்.

என் அளவு 138/88. திருத்தினால் 96/70. எனக்கு லோ பிரஷர். அன்றே வைத்தியம் ஆரம்பமானது: உப்புப் போட்ட மோர், நார்த்தங்காய், மதியம் மூன்று அப்பளம். பத்து நாளில் 146/92 ஆனது. திருத்தினால் 104/74. 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அதே பக்கத்தின் கீழே, 'பத்மாவுக்குக் காலையில் பின்னந்தலை வலி. காரணம்: வெயில்.' மறுநாள், 'மீண்டும் தலைவலி. காரணம்: டிவி.'

ஒரு நாள், வேலை முடித்து உட்கார்ந்திருந்த எங்கள் வீட்டுப் பணிப்பெண் செல்விக்கும் அளந்தேன். 118/76. கழித்துப் பார்த்தபோது எனக்கே வியர்த்தது: 76/58.

"செல்வி, எழுந்திருக்காத. அப்படியே படுத்துக்கோ. பத்மா, மோர் கொண்டா."

செல்வி எழுந்துபோய், முழுத் தண்ணீர் கேனைத் தூக்கி ஸ்டாண்டில் கவிழ்த்துவிட்டு வந்தாள்.

"இன்னா சார், எழுபத்தாறு இருந்தா நான் இங்க நின்னுகினு இருப்பனா? மெசினு சரியாத்தான் கீது. அம்மா பத்து நாளா தலைய புட்ச்சிகினு கீது. அத்த டாக்டராண்ட இட்டுகினு போவாம எனக்கு மோர் குடுக்கிற."

அப்போதும் நான் பத்மாவுக்காகக் கிளம்பவில்லை. மெஷின் கோளாறை ஒரு டாக்டரிடம் நிரூபித்து, செல்வியின் வாயை அடைக்கவே பத்மாவை அழைத்துக்கொண்டு கிளம்பினேன். ஆழ்வார்பேட்டையில் ஒரு கிளினிக். டாக்டருக்கு என் மகள் வயதுதான் இருக்கும். பத்மாவுக்குத் தன் கருவியால் இரண்டு முறை அளந்தார். 166/100.

"டாக்டர், உங்க மெஷினும் கொஞ்சம்..."

"என் மெஷினும்?"

நான் நாட்குறிப்பை நீட்டினேன். அவர் என் கட்டங்களைத் தாண்டிப் போய்த் தலைவலிகளில் நின்றார். ஒவ்வொன்றாக எண்ணினார்.

"பன்னண்டு நாள் எழுதியிருக்கீங்க. ஒரு நாள்கூட ஏன் கூட்டிட்டு வரல?"

"பார்க்க நல்லாதான் இருந்தா, டாக்டர்."

"பிரஷர் அப்படித்தான் சார், பார்த்தா தெரியாது. இவங்களுக்கு ஸ்ட்ரோக் வந்திருந்தா அதை எந்தக் கட்டத்துல எழுதியிருப்பீங்க?"

பத்மா என்னைப் பார்க்கவில்லை. தன் புடவைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடத்தில் முதன்முறையாக எனக்கு எதையும் எழுதத் தோன்றவில்லை.

எனக்கும் அளந்தார்: 148/94. லோ பிரஷர்காரனின் மோரும் அப்பளமும் அன்றோடு நின்றன. பத்மாவுக்கு மாத்திரை எழுதினார். பிறகு அளக்கும் முறையைச் சொன்னார்: முதுகைச் சாய்த்து உட்கார வேண்டும், கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைக்க வேண்டும், அளப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஓய்வு. அந்த நேரத்தில் அளந்துகொள்பவர் பேசக்கூடாது. "பக்கத்துல இருக்கறவங்களும் இவங்ககிட்ட பேசக்கூடாது."

அந்தக் கடைசி விதியைப் பத்மா டாக்டரைவிடக் கண்டிப்பாக அமல்படுத்தினாள். இப்போது அவள் அளவு 128/82. அவளே அளந்து, அவளே காலண்டரில் குறிக்கிறாள். நான் ஏதாவது விளக்க வாயைத் திறந்தால், மெஷின் பக்கத்தில் இல்லாவிட்டாலும் இடது கையை மேசைமேல் நீட்டி வைக்கிறாள். ஐந்து நிமிடம் என்று அர்த்தம்.

போன மாதம் மகளின் சம்பந்தப் பேச்சுக்காக தி.நகரில் மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்கள் சுவர்க்கடிகாரம் மூன்று நிமிடம் வேகமாக ஓடுவதையும் அதற்கான காரணங்களையும் நான் சொல்ல ஆரம்பித்தேன். பத்மா சாப்பாட்டு மேசையில் இடது கையை நீட்டி வைத்தாள். அதன் பக்கத்தில் என் மகள், மாப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, தன் கையை வைத்தாள். அதுவரை என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியிராத மாப்பிள்ளை, முழுக்கைச் சட்டையை நிதானமாக முழங்கைவரை மடித்துவிட்டு, தன் கையையும் நீட்டி வைத்தார்.