என்னை எடுக்காதது வேறு கமிட்டி

சுங்கை பினாங்,
12 நவம்பர் 1996

மாதாவின் காவலில் ஈப்போவில் நலமாக இருக்கும் என் அன்பு மார்த்தா அத்தைக்கு, உங்கள் தம்பி மகள் ஜூலியானா தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவின் முழங்கால், அம்மாவின் ரத்த அழுத்தம், வீட்டுக் கூரை மூன்றும் இந்த மழையை ஒருவாறு தாங்கிக்கொண்டிருக்கின்றன. உங்கள் சர்க்கரை இறங்கியதா? மாமாவுக்குக் காது தேவலையா?

உங்கள் கடிதம் நேற்று வந்தது. வேலை போனதற்காக அழ வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். எனக்காக நவநாள் செபம் தொடங்கிவிட்டதாகவும், கன்னியர் மடத்துப் பள்ளியில் மதரிடம் பேசி ஜனவரியிலிருந்து விஞ்ஞான ஆசிரியை வேலையைப் பிடித்து வைத்திருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். படித்ததும்தான் அழுதேன் அத்தை. ஏனென்றால் எனக்கு வேலை போகவில்லை. கிடைத்திருக்கிறது, அதே புற்றுநோய் ஆய்வுக்கூடத்தில், மூன்று வருடத்துக்கு. வெள்ளிக்கிழமை மாலை போன் வந்ததிலிருந்து எனக்குப் பசிக்கிறது, தூக்கம் வருகிறது, பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்க்கத் தோன்றுகிறது. அம்மா உங்களிடம் சொன்னது பொய் என்றும் நினைத்துவிடாதீர்கள். "ஜூலியானாவ எடுக்கலயாம் அண்ணி" என்று அம்மா சொன்னது உண்மைதான். எந்தக் கமிட்டி எடுக்கவில்லை என்று சொல்வதற்குள் இடி இடித்து லைன் போய்விட்டது.

நடந்தது இதுதான். டாக்டர் பட்டம் வாங்கியபின் எங்களைப் போன்றவர்களை இரண்டு வருட ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தம் முடிந்தால் இன்டர்வியூவில் தேற வேண்டும், இல்லாவிட்டால் வீடு. அதற்கு எங்களைத் தயார் செய்ய இந்த வருடம் புவான் சலேஹா என்ற அம்மாளை நியமித்தார்கள். நல்ல மனுஷி. எப்படிக் கை குலுக்குவது, எப்படிக் கண்ணைப் பார்த்துப் பேசுவது, என்னென்ன செய்தோம் என்று கூச்சப்படாமல் எப்படிச் சொல்வது, எல்லாம் கற்றுக்கொடுத்தார். "யார் முதலில் வந்து பேசுகிறீர்கள்?" என்று அவர் கேட்கும்போதெல்லாம் நான் கீழே விழாத பேனாவைக் குனிந்து எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி வகுப்பில் அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ வீட்டில் பேசுவாய் அல்லவா? அங்கே ஒரு ஒத்திகை பார்" என்றார். அதை நான் அப்பாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

துறைமுகத்தில் முப்பது வருடம் குமாஸ்தாவாக இருந்து எத்தனையோ இன்டர்வியூவுக்கு வெளியே நாற்காலி போட்ட மனிதர், முதல்முறையாக உள்ளே உட்காரப் போகிறார். சும்மா விடுவாரா? டை கட்டிக்கொண்டார். வெளியாள் ஒருவர் இருந்தால்தான் நியாயம் என்று, டத்தோ கிராமாட்டில் நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கும் அப்துல் காதர் மாமாவைக் கமிட்டியில் சேர்த்தார். என்னைக் கேட்டுக்கு வெளியே நிற்க வைத்து, அம்மாவைப் பியூனாக்கி "அடுத்த ஆளு!" என்று கூப்பிடச் சொன்னார். இருந்ததே நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"உட்காருங்க மிஸ். பேரு?"

"நீங்கதானப்பா வச்சீங்க."

"கேட்டதுக்கு மட்டும் பதில்."

காதர் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "அங்க என்னதாம்மா செய்றே?" என்று கேட்டார். புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்த செல்களைப் புட்டியில் வைத்திருக்கிறோம் என்றேன்.

"வச்சுக் கொல்றீங்க."

"இல்ல மாமா, வளர்க்கிறோம்."

"வளக்குறீங்களா! சாப்பாடு?"

"ரெண்டு நாளைக்கு ஒரு தடவ மாத்தணும். சூடும் நம்ம உடம்பு சூடு மாதிரியே இருக்கணும்."

"அதுக்குத்தான் ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஓடுறியா?" என்றார் அப்பா. பேனாவை மூடிவிட்டார். "நோயை வளர்க்கவா உன்னைப் படிக்க வச்சேன்?"

"ஒரு பூனை வளக்கக் கேட்டேன், அதுக்கு விடல இந்த மனுஷன்" என்று பியூன் குறுக்கே பேசினார்.

உயிரோடு இருந்தால்தானே எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்க முடியும் என்று நான் கத்தினேன். "கத்துறாங்க, எழுதிக்குங்க" என்றார் அப்பா. காதர் மாமா, "நல்ல புள்ளதான் அண்ணே, ஆனா நம்மளுக்கு வேணாம்லா" என்றார். இரண்டுக்குப் பூஜ்யம். என்னை எடுக்கவில்லை. அந்தச் சூட்டோடு அம்மா உங்களுக்குப் போன் போட்டதும், இடி இடித்ததும், பிறகு லைன் கிடைக்காததும், மறுநாள் கூரை ஒழுகியதில் எல்லோரும் அதை மறந்ததும்தான் மிச்சக் கதை.

நிஜமான இன்டர்வியூவில் ஐந்து பேர் இருந்தார்கள். யாரும் டை கட்டவில்லை. "உங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள்" என்றார் தலைவர். அத்தை, மனப்பாடம் செய்ததில் ஒரு வரி வரவில்லை. குனிந்து எடுக்கப் பேனாவும் இல்லை. வாயிலிருந்து வந்தது, "நான் நோயை வளர்க்கிறேன்" என்பதுதான். ஓரத்தில் இருந்த டாக்டர் ஆனந்தராஜா, "விடுமுறையிலுமா?" என்று கேட்டார். "அதுக்கு ஞாயிறு திங்கள் தெரியாது சார்" என்றேன். அவர் சிரித்தார். அவர் சிரித்ததும் நான் வீட்டில் பேசுவது போலப் பேச ஆரம்பித்துவிட்டேன். ஒரு கட்டத்தில் தலைவரையே குறுக்கே நிறுத்தி, "இருங்க சார், இன்னும் முடிக்கல" என்றேனாம். வெளியே வந்து பார்த்தால் சேலைத் தலைப்பைக் கயிறாகத் திரித்திருந்தேன்.

காதர் மாமா, அப்பாவும் தானும் கடுமையாக இருந்ததால்தான் நான் தேறினேன் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். அப்பா மட்டும் இறங்கி வரவில்லை. "அவங்க எடுத்தது அவங்க இஷ்டம். எங்க முடிவு முடிவுதான். வேணும்னா அப்பீல் பண்ணிக்க" என்கிறார். ஆனால் நேற்று எனக்குத் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை பஸ் நேரங்களைக் கேட்டு வைத்திருக்கிறார்.

ஆகவே அத்தை, மதரிடம் என் நன்றியையும் மன்னிப்பையும் சொல்லி, அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்கள். நவநாளை நிறுத்த வேண்டாம், நன்றிக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாமாவுக்கு என் வணக்கம். உங்கள் ஆசீர்வாதம் எப்போதும் என் தலைமேல் இருக்கட்டும்.

அன்பு மருமகள்,
ஜூலியானா வேதநாயகம்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது தபால்காரர் நியமனக் கடிதத்தைக் கொடுத்தார். இரண்டாம் பக்கத்தைப் பற்றிப் போனில் யாரும் சொல்லவில்லை. பயிற்சியில் எல்லோரையும்விட அதிகம் முன்னேறியவள் நான்தான் என்று புவான் சலேஹா எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதனால் மாதாமாதம் புது ஆய்வாளர்களுக்கு, பெரிய மண்டபத்தில், மைக் பிடித்து, கூச்சத்தை வெல்வது எப்படி என்று நான் வகுப்பு எடுக்க வேண்டுமாம். முதல் வகுப்புக்கு அறுபது பேர். மதரிடம் தயவுசெய்து இன்னும் ஒன்றும் சொல்லிவிடாதீர்கள் அத்தை. அங்கே ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள்தானே? அவர்களில் யாரும் டாக்டர் பட்டம் வாங்கியிருக்க மாட்டார்களே?